மார்கழிக்கு வர்றியா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ

அரைப்பரீட்சை லீவுக்கு இந்தத் தடவை சென்னைக்கு வர்றோம்னு நீ சொன்னதுலேருந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மெரினா, வண்டலூர், தி.நகர் ஜவுளிக்கடைன்னு லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்கே. அதெல்லாம் மே மாசத்துலயும் இங்கேதான் இருக்கும். டிசம்பர் நடுவுலேருந்து ஜனவரி முதல் வாரம் வரைக்கும் மயிலாப்பூர்லயும் ஆழ்வார்பேட்டையிலயும் தி.நகர்லயும் காலை எட்டு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி ஒன்பதரை வரைக்கும் ஏதோ ஒரு மேடையில யாரோ பாடிக்கிட்டோ வாசிச்சுக்கிட்டோ ஆடிக்கிட்டோ இருப்பாங்க. அதுக்குன்னு நாலு நாளை ஒதுக்கு. எங்கே போகணும், எங்கே உட்காரணும், எதை விட்டுடணும்னு நான் சொல்றேன்.

“எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது, நான் அங்கே போய் என்ன செய்ய”ன்னு கேட்டே. ஏட்டி, கோயில் கொடையில வில்லுப்பாட்டுக்கு முன்னாடி விடிய விடிய உட்கார்ந்தவதானே நீ? உடுக்கை வேகம் எடுக்கறப்போ உனக்குத் தெரியாமலே உன் கால் ஆடுமே, சாமி புறப்பாட்டுல தவில் நின்னு ஒரு கணம் கழிச்சு விழறப்போ கூட்டமே தலையை ஆட்டுமே, அந்தக் காது போதும். சபாவுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்தக் காதோடதான் வர்றாங்க. ராகத்தோட பேர் மெதுவா வந்து சேரும்.

டிசம்பர்ல ஏன் இத்தனை கச்சேரின்னு மாப்பிள்ளை கேட்டா இதைச் சொல்லு. 1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோட சேர்த்து ஒரு இசை மாநாடும் நடத்தினாங்க. அதுல பிறந்த யோசனைதான் 1928-ல தொடங்கின மியூசிக் அகாடமி. வருஷா வருஷம் டிசம்பர்ல மாநாடும் கச்சேரியும்னு அகாடமி வழக்கம் வச்சுக்கிட்டது. மத்த சபாக்களும் அதே மாசத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. இசைக்கான படைப்பாக்க நகரம்னு யுனெஸ்கோ 2017-ல சென்னையைப் பட்டியல்ல சேர்த்ததுக்கும் இந்த சீசன் ஒரு பெரிய காரணம்.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய கச்சேரி

இதுதான் நான் உனக்குச் சொல்ற முக்கியமான விஷயம். அட்டவணையைப் பார்த்தா தலை சுத்தும். ஒரே சாயங்காலம் நாலு பெரிய பேர் நாலு இடத்துல இருப்பாங்க. இங்கே ஒரு மணி நேரம், ஆட்டோ பிடிச்சு அங்கே ஒரு மணி நேரம்னு ஓடறவங்களை நிறைய பார்க்கறேன். அவங்க நிறைய பேரைப் பார்த்திருப்பாங்க, எதையும் முழுசா கேட்டிருக்க மாட்டாங்க. சாயங்காலத்துக்கு ஒண்ணே ஒண்ணு தேர்ந்தெடு. ஆரம்பிக்கிறதுக்குக் கால் மணி முன்னாடி போய் உட்கார், மங்களம் பாடினதும் எழுந்திரு. ரெண்டரை மணி நேரம் ஒருத்தரோட மனசு எப்படிப் போகுதுன்னு கூடவே போய்ப் பார்க்கிற அனுபவத்துக்குத்தான் நீ அத்தனை தூரத்துலேருந்து வர்றே.

இடத்தையும் பகுதி பகுதியா பிரிச்சு வச்சுக்கோ. மயிலாப்பூர் ஒரு நாள். கிழக்கு மாட வீதியில பாரதிய வித்யா பவன், அங்கேருந்து நடக்கிற தூரத்துல ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், லஸ் பக்கம் ராகசுதா. எல்லாத்துக்கும் காலாலேயே போயிடலாம். டி.டி.கே. சாலை ஒரு நாள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் அதே சாலையிலதான் இருக்கு. தி.நகர் ஒரு நாள். கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் பக்கம் பக்கம். கிருஷ்ண கான சபா இருக்கிற தெருவுக்கு முன்னாடி கிரிஃபித் ரோடுன்னு பேர், இப்போ மகாராஜபுரம் சந்தானம் சாலை. ஒரு பாடகர் பேரைத் தாங்கின தெருவுல இறங்கித்தான் அந்தச் சபாவுக்குள்ளே போவே, அதை உன் பொண்ணுக்குக் காட்டு. மயிலாப்பூர்லேருந்து தி.நகர் கிலோமீட்டர்ல பார்த்தா கொஞ்சம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுல மாட்டினா முக்கால் மணி நேரம் போயிடும். பறக்கும் ரயில்ல திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கினா லஸ் கிட்டயே. தி.நகருக்கு மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோ பிடி.

அட்டவணை சபா வாசல்லயே புத்தகமா கிடைக்கும், ‘தி இந்து’ பேப்பர்லயும் தினமும் வரும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மறுநாளைக்கு ஒண்ணை வட்டம் போட்டு வச்சுடு. காலையில எழுந்து யோசிச்சா வீட்டுல நாலு பேருக்கு நாலு ஆசை வரும்.

மதியக் கச்சேரியை விட்டுடாதே

பெரிய சபாக்கள்ல நடுப்பகல் பன்னிரண்டு, ரெண்டு மணி வாக்குல இளைய கலைஞர்களுக்கு நேரம் ஒதுக்கியிருப்பாங்க. பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, நேரா உள்ளே போய் உட்காரலாம். அகாடமியிலயே இப்படித்தான். இன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு ஹவுஸ்ஃபுல் போடறவங்கள்ல நிறைய பேர் ஒரு காலத்துல இந்த மத்தியானத்துல பாடினவங்கதான். நடுப்பகல்லேருந்து நாலு மணி, நாலு மணியிலேருந்து ஏழு மணின்னு வருஷக்கணக்கா ஏறி வர்ற படிக்கட்டு அது.

மேடையில இருபது வயசுப் பிள்ளை. வாரக்கணக்கா இதுக்காகவே சாதகம் பண்ணியிருக்கும். எதிர்ல பார்த்தா அம்மா, அப்பா, குரு, சித்தப்பா, அப்புறம் கேன்டீன் சாப்பாடு முடிச்சு ஏசியில கண்ணசர வந்த நாலு பேர். முப்பது பேர் இருக்கிற இடத்துல நீங்க நாலு பேர் போய் முன்வரிசையில நிமிர்ந்து உட்கார்ந்தா அந்தப் பிள்ளையோட குரலே மாறும், நான் பார்த்திருக்கேன். நல்ல சங்கதி விழுந்தா தலையாட்டு, கை தட்டு. முடிஞ்சதும் மேடை பக்கம் போய் “ரொம்ப நல்லா இருந்துச்சும்மா”ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. தெரிஞ்ச பேர் இல்லையேன்னு ஒதுக்காதே. எனக்கு சீசன்ல கிடைச்ச பெரிய சந்தோஷங்கள் பலதும் பேர் தெரியாம போய் உட்கார்ந்த மத்தியானங்கள்லதான் கிடைச்சது.

பவன்ல சாயங்காலக் கச்சேரிகள்கூடப் பெரும்பாலும் இலவசம்தான். சீக்கிரம் போனா இடம் கிடைக்கும்.

டிக்கெட்

சாயங்காலக் கச்சேரிகளுக்கு நூறு, இருநூறு ரூபாயிலேருந்து ஆயிரத்துக்கு மேலே வரைக்கும் இருக்கும். எம்டிஎன்டி மாதிரி இணையதளங்கள்ல பல சபாக்களோட டிக்கெட்டை முன்னாடியே வாங்கிடலாம். பெரிய பேர்னா விற்பனை திறந்த அன்னைக்கே வாங்கிடணும். இல்லைன்னா கச்சேரி அன்னைக்கு காலையில சபா கவுன்ட்டருக்கு மாப்பிள்ளையை அனுப்பு, அன்றன்றைக்குன்னு கொஞ்சம் வச்சு விக்கிற வழக்கம் உண்டு. ஹால் நிறைஞ்சுட்டா சில சபாக்கள்ல மேடையிலேயே ஓரமா நாற்காலி போட்டோ ஜமக்காளம் விரிச்சோ ஆளுங்களை உட்கார வைப்பாங்க. கிடைச்சா யோசிக்காம வாங்கு. பாடறவங்களுக்குப் பின்னாடி உட்கார்ந்து பார்த்தா மிருதங்கக்காரரும் வயலின்காரரும் ஒருத்தரையொருத்தர் கண்ணால எப்படிப் பேசிக்கிறாங்கன்னு தெரியும்.

விலை கூடின முன்வரிசை எப்பவும் நல்ல இடம்னு நினைக்காதே. பல ஹால்கள்ல ஸ்பீக்கருக்கு நேரா உட்கார்ந்தா சத்தம் காதை அடைக்கும். நடுவுல, ஸ்பீக்கரை விட்டு விலகி ஆறாவது ஏழாவது வரிசை எனக்குப் பிடிச்ச இடம். அகாடமியோட டி.டி.கே. அரங்கத்துல 1,500 பேருக்கு மேலே உட்காரலாம், மாடியிலயும் நல்லாக் கேட்கும். ஆனா அம்மாவுக்கு முட்டிவலி. அம்மா வர்ற அன்னைக்குக் கீழ்த்தளம், வழிப்பக்கத்து சீட்டு, அதுக்காக நூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. சங்கீதம் நெருக்கத்துல எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஒரு சாயங்காலம் ராகசுதா மாதிரி சின்ன ஹாலுக்குப் போ. தம்புரா ஸ்ருதி உன் மேலேயே வந்து படியும்.

உள்ளே உட்கார்ந்த பிறகு

இப்போ நாம கேட்கிற கச்சேரியோட வரிசையை அமைச்சுக் கொடுத்தவர்னு அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வாங்க. அந்த வரிசை தெரிஞ்சா நீ பாதிக் கிணறு தாண்டின மாதிரி. முதல்ல வர்ணம், குரலும் விரலும் சூடேறுறதுக்கு. அப்புறம் விறுவிறுன்னு ஒண்ணு ரெண்டு கீர்த்தனை. நடுவுல ஒரு பெரிய உருப்படி. அதுதான் அன்றைக்கு மெயின். அதுக்குப் பின்னாலேயே தனி ஆவர்த்தனம். கடைசியில துக்கடாக்கள், பதம், ஜாவளி, திருப்புகழ், பாரதியார் பாட்டுன்னு சின்னச் சின்னதா. மங்களத்தோட முடியும்.

மெயின் எப்போ வருதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். பாடறவங்க வார்த்தையே இல்லாம ஒரு ராகத்தை எடுத்து, நிதானமா, பத்துப் பதினஞ்சு நிமிஷம் விரிச்சுக்கிட்டே போவாங்க. அது ஆலாபனை. கீழே தொடங்கி, ஒவ்வொரு ஸ்வரமா நின்னு பார்த்து, மேலே ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டுட்டுத் திரும்பி இறங்கும். அவங்க முடிச்சதும் வயலின் அதே ராகத்தைத் தன் வழியில சொல்லும். வயலின் வாசிக்கிறப்போ பேச ஆரம்பிக்கிற கூட்டம் ஒண்ணு உண்டு, நீ அதுல சேராதே. பாட்டுக்குள்ளே போனதும் ஒரே ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு வேற வேற விதமாத் திருப்பித் திருப்பிப் பாடுவாங்க. அது நிரவல். அப்புறம் ச ரி க ம ன்னு ஸ்வரமாவே கொட்டுவாங்க. அது கல்பனா ஸ்வரம். இந்த மூணும் அந்த நிமிஷத்துல அந்த மேடையில உண்டாகிறது. நாளைக்கு அதே பாட்டை அதே ஆள் பாடினாலும் இது திரும்ப வராது. வீட்டுல செல்போன்ல கேட்கிறதுக்கும் நேர்ல உட்கார்றதுக்கும் இதுதான் வித்தியாசம்.

உன் பொண்ணுக்கு ஆதி தாளம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வா. தொடையில ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்னு எண்ணிக்கை. அப்புறம் ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. பாதிக்குப் பாதி பாட்டு இந்தக் கணக்குலதான் இருக்கும். பக்கத்து சீட்டுக்காரங்க கையைப் பார்த்து அவ பிடிச்சுக்குவா. எட்டை விடாம எண்ணுற பிள்ளை ரெண்டு மணி நேரம் நெளியாம உட்காரும்.

தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாதே. இதை நான் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றேன். பாட்டு நின்னதும் பாதி ஹால் எழுந்து காபிக்குப் போகும், எனக்கு ஒவ்வொரு வருஷமும் மனசு வலிக்கும். அதுவரைக்கும் பாட்டுக்கு இடம் விட்டு அடக்கி வாசிச்ச மிருதங்கக்காரருக்கும் கடக்காரருக்கும் அன்னைக்குக் கிடைக்கிற ஒரே நேரம் அது. கேட்கத் தெரியலையேன்னு பயப்படாதே. முதல்ல மிருதங்கம் ஒரு சுற்று நிதானமா வாசிக்கும், அப்புறம் கடமோ கஞ்சிராவோ ஒரு சுற்று. மறுபடி இவர், அவர். போகப்போக சுற்று சின்னதாகும். பாதி, அதுல பாதின்னு குறைச்சுக்கிட்டே வந்து ரெண்டு பேரும் ஒண்ணா சேருவாங்க. அதுக்குக் குறைப்புன்னு பேர். கடைசியில ஒரு கோர்வையை மூணு தடவை வாசிச்சு, பாட்டு நின்ன அதே இடத்துல கொண்டுவந்து விடுவாங்க, பாடறவங்க சரியா அந்தச் சொல்லை எடுப்பாங்க. தவில் கேட்டு வளர்ந்த உனக்கு இந்த இடத்துல உடம்பு சிலிர்க்கும்.

என்ன ராகம்னு தெரியணும்னா பாட்டு முடிஞ்சதும் பக்கத்து சீட்டு மாமியைக் கேளு. சந்தோஷமா சொல்லுவாங்க, அந்த ராகத்துல இருக்கிற சினிமாப் பாட்டையும் சேர்த்துச் சொல்லுவாங்க. பாட்டு முதல் வரியும் ராகமும் வரிசையாப் போட்ட சின்னப் புத்தகங்கள் விக்குது, கபாலி கோயில் பக்கம் கிரி டிரேடிங்ல பார். ஒண்ணு வாங்கி வச்சுக்கோ. எழுந்து போறதா இருந்தா ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடைவெளியில போ. போனை அணைச்சுடு, வீடியோ எடுக்காதே, எடுக்கவும் விடமாட்டாங்க. பட்டுப்புடவை கட்டிக்கிட்டுத்தான் போகணும்னு ஒண்ணும் இல்லை. ஆனா ஏசி குளிர் அதிகம், அம்மாவுக்கு ஒரு சால்வை கட்டாயம். டிசம்பர் முதல் பாதியில மழை இன்னும் விட்டிருக்காது, நீ வர்ற கடைசி வாரத்துலயும் பையில ஒரு குடை இருக்கட்டும்.

கேன்டீன்

சபா கேன்டீனுக்குக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை, யார் வேணும்னாலும் போகலாம். ஊர்ல பேர் பெற்ற சமையல்காரங்க சீசனுக்குன்னு ஆளுக்கொரு சபாவை எடுத்து நடத்துவாங்க. எது எங்கேன்னு வருஷா வருஷம் மாறும், அதனால இந்த வருஷம் எங்கே நல்லா இருக்குன்னு கச்சேரி க்யூவுல நிக்கிறவங்களைக் கேட்டா போதும், பெரிய விவாதமே நடக்கும். மதியம் இலை போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் கீரை வடை, வாழைப்பூ வடை, அடை அவியல், ரவா தோசை, காசி அல்வா. நாலு மணிக் கச்சேரி முடிஞ்சு ஏழு மணிக் கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல போனா நிக்க இடம் இருக்காது. அஞ்சரைக்கே முடிச்சுடு. பாத்ரூம் வரிசையும் அப்படித்தான்.

மாட வீதிக்கும் திருவான்மியூருக்கும்

ஒரு நாளாவது விடியறதுக்கு முன்னாடி எழுந்திரு. கபாலீஸ்வரர் கோயிலைச் சுத்தி நாலு மாட வீதியிலயும் மார்கழி பஜனை போகும். பாபநாசம் சிவன் பாடிக்கிட்டு வலம் வந்த வீதிகள் அவை. மேடை இல்லை, மைக் இல்லை, நீயும் கூடப் பாடிக்கிட்டே நடக்கலாம். பனியில வாசலெல்லாம் கோலம். முடிச்சுட்டு ஒரு டிகிரி காபி குடிச்சுட்டு, எட்டு மணிக்கு அகாடமியில லெக்-டெம்னு சொல்ற செயல்விளக்க உரைக்குப் போகலாம். அந்த வருஷம் சங்கீத கலாநிதி விருது வாங்கறவர் தலைமையில நடக்கும், அனுமதி இலவசம். மாப்பிள்ளை மாதிரி எதையும் ஏன் எப்படின்னு கேட்கிறவங்களுக்கு அது கச்சேரியைவிடப் பிடிக்கும்.

நாட்டியம் பார்க்கணும்னா கலாக்ஷேத்ரா. ருக்மிணி தேவி 1936-ல ஆரம்பிச்சது. திருவான்மியூர்ல மரங்களுக்கு நடுவுல, கேரளக் கோயில் கூத்தம்பலம் மாதிரி கட்டின அரங்கம். டிசம்பர் கடைசியிலேருந்து ஜனவரி தொடக்கம் வரைக்கும் கலைவிழா நடக்கும். உன் பொண்ணுக்கு முதல் நிகழ்ச்சியா நான் தேர்ந்தெடுக்கிறது இதைத்தான். கண்ணுக்கும் வேலை இருக்கு, கதையும் இருக்கு, நேரத்தோட போனா அந்த வளாகத்துல மரத்தடியில கொஞ்சம் நடக்கலாம். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கிட்டுப் போங்க. அகாடமியோட நாட்டிய விழா ஜனவரி முதல் வாரத்துல, லீவு தள்ளிப் போனா அதுவும் கிடைக்கும். நாட்டியம் கத்துக்கிற பிள்ளையா இருந்தா கிருஷ்ண கான சபாவுல 1981-லேருந்து நடக்கிற நாட்டியக் கலை மாநாட்டுக்கும் ஒரு காலையில கூட்டிட்டுப் போகலாம்.

தமிழ்ப் பாட்டா கேட்கணும்னு அம்மா சொல்லுவாங்க. அதுக்கு பாரிமுனை பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். மேடையெல்லாம் தெலுங்குக் கீர்த்தனையா இருக்கே, தமிழுக்கு இடம் எங்கேன்னு கேட்டு ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-ல தொடங்கின தமிழ் இசைச் சங்கத்தோட விழா அங்கேதான் நடக்கும். காலையில பண் ஆராய்ச்சி, சாயங்காலம் கச்சேரி. தேவாரம் ஓதுவார் பாடிக் கேட்கணும்னா இதைவிட நல்ல இடம் இல்லை. உயர் நீதிமன்ற மெட்ரோ ஸ்டேஷன்லேருந்து பக்கம்.

நாடகத்துக்கு

மாப்பிள்ளை நாடகம் கேட்டிருக்கார். உண்மையைச் சொல்லிடறேன், டிசம்பர்ல சபா மேடைகளைப் பாட்டும் நாட்டியமும் பிடிச்சுக்கும், தமிழ் நாடகம் குறைவாத்தான் கிடைக்கும். ஒய்.ஜி. பார்த்தசாரதி 1952-ல ஆரம்பிச்ச யு.ஏ.ஏ., 1979-ல வந்த கிரேஸி கிரியேஷன்ஸ் மாதிரிக் குழுக்களோட நாடகங்களைச் சபாவுல நிறைஞ்ச கூட்டத்தோட சிரிச்சுப் பார்க்கணும்னா ஏப்ரல், மே மாசம் வரணும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்துற கோடை நாடக விழாவுல தினம் ஒரு புது நாடகம்னு வரிசையா போடுவாங்க. அடுத்த மே லீவுக்கு அதை வச்சுக்கலாம்.

இந்த டிசம்பர்ல தேடினா சின்ன அரங்கங்கள்ல கிடைக்கும். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டுல அலியான்ஸ் பிரான்சேஸ், சேத்துப்பட்டு லேடி ஆண்டாள் பள்ளியில இருக்கிற முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கம், எழும்பூர் மியூசியம் தியேட்டர். ந. முத்துசாமி 1977-ல தொடங்கின கூத்துப்பட்டறையோட பேரை எங்கேயாவது பார்த்தா அன்னைக்கு வேற வேலையை ஒதுக்கிடு. நம்ம தெருக்கூத்தோட உடலையும் குரலையும் எடுத்து இன்னைக்குக் கதையைச் சொல்ற முறையை அவங்ககிட்ட பார்க்கலாம். புரியலையேன்னு முதல் பத்து நிமிஷம் தோணும். தோணினா தோணட்டும், நடிக்கிறவங்க கால் எங்கே போகுது, மூச்சு எங்கே நிக்குதுன்னு பார்த்துக்கிட்டே இரு. கதை தன்னால திறக்கும்.

நாடகத்துக்குன்னா முன்வரிசைப் பக்கம் உட்காரணும், கச்சேரியில சொன்னதுக்கு நேர்மாறு. மூணாவது நாலாவது வரிசையில இருந்தாத்தான் முகம் தெரியும். சின்ன அரங்கங்கள்ல கதவை மூடிட்டா அப்புறம் விட மாட்டாங்க, அதனால அரை மணி நேரம் முன்னாடி அங்கே இருக்கணும். எத்தனை வயசுக்கு மேலேன்னு விளம்பரத்துல போட்டிருப்பாங்க, பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அதைப் படி. முடிஞ்சதும் ஓடாதே. நடிச்சவங்க ஒப்பனை கலைச்சும் கலைக்காமலும் வாசல்ல நிப்பாங்க. நாடகம் போட்டு இந்த ஊர்ல யாரும் பணம் சேர்த்ததில்லை. முன்னபின்ன தெரியாத ஒரு குடும்பம் வந்து “அந்தக் காட்சி நல்லா இருந்தது”ன்னு குறிப்பாச் சொல்றது அவங்களுக்குப் பல நாளைக்குத் தாங்கும்.

லீவு பொங்கல் வரைக்கும் நீளும்னா ‘சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா’ இருக்கு. அரசாங்கம் நடத்துறது, பார்க்குலயும் மைதானத்துலயும் இலவசமா பறை, கரகம், ஒயிலாட்டம், நையாண்டி மேளம். கூட்டம் இருக்கும், பிள்ளையோட கையை விடாதே.

கிளம்புற அன்னைக்கு

ஊருக்குக் கிளம்புற அன்னைக்குச் சாயங்காலக் கச்சேரி எதுவும் வேண்டாம். ஆலாபனை நடுவுல கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்றது உனக்கும் நிம்மதி இல்லை, பாடறவங்களுக்கும் மரியாதை இல்லை. அன்னைக்குக் காலையில எழும்பூர் அருங்காட்சியகம் போகலாம். மியூசியம் தியேட்டரும் அதே வளாகத்துலதான் இருக்கு, 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில கட்டின அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பார். வெண்கலச் சிலைக் கூடத்துல திருவாலங்காடு நடராஜரைப் பார்க்காம வராதே, அத்தனை நாட்டியம் பார்த்துட்டு அவர் முன்னாடி நிக்கிறது வேற மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் கணக்குல வச்சுக்கோ. மத்தியானம் ஒரு இலவசக் கச்சேரி, அப்புறம் வீட்டுல சாப்பாடு, ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ்.

அந்தப் பொதிகைதான் இப்போ அவசரம். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். லீவு நாள்ல காலையில திறந்த கொஞ்ச நேரத்துலேயே காத்திருப்புப் பட்டியலுக்குப் போயிடும். பள்ளிக்கூடத்துல லீவுத் தேதி சொன்ன உடனே போக வர ரெண்டையும் போட்டுடு, அம்மாவுக்குக் கீழ் பெர்த் கேளு. போட்டதும் தேதியை எனக்கு அனுப்பு, அதுக்கப்புறம்தான் நான் கச்சேரி டிக்கெட் வாங்கணும்.